1000 வாட்டுக்கு மேல்: அதிக சக்தி மின்சைக்கிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1000 வாட், 3000 வாட், அதற்கும் மேல் என்று மோட்டார் பொருத்திய சைக்கிளை ஓட்டுபவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். வருடங்கள் போனாலும் கேள்விகள் மாறவில்லை. சில, வார்த்தை மாறாமல் அப்படியே வருகின்றன. பெடலும் செயினும் சைக்கிள் ஃபிரேமும் உள்ள வண்டிகளைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். மின்ஸ்கூட்டரும் மின்மோட்டார்சைக்கிளும் இதில் வராது.

எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் யோசிப்பது ஒன்றைத்தான்: இவ்வளவு சக்தி பாயும் வழியில் எந்த உறுப்பு முதலில் கைவிடும்? கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த உறுப்பைத் தேடிப் போனவைதான்.

1. 250 வாட் சைக்கிளுக்கும் 3000 வாட் சைக்கிளுக்கும் வேகத்தைத் தவிர வேற என்ன வித்தியாசம்?

வேகம் மாறினாலே மற்றதெல்லாம் மாறிவிடுகிறது. ஆளும் வண்டியுமாக 120 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 2,900 ஜூல். 50 கி.மீ.யில் அது சுமார் 11,600 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்தால் அவ்வளவும் டிஸ்க்கில் சூடாக இறங்க வேண்டும். விழுந்தால் உடம்பில் இறங்கும்.

சாதாரண சைக்கிளின் ஃபோர்க், ரிம், ஸ்போக்ஸ், பிரேக் எல்லாம் மனிதக் கால் தரும் சக்தியை நினைத்துச் செய்தவை. திடமான ஒருவர் நெடுநேரம் மிதித்தால் 100 முதல் 200 வாட் வரை தருவார். அப்படிப்பட்ட சைக்கிளின் மேல் 3000 வாட்டை ஏற்றினால் மோட்டார் தாங்கிக்கொள்ளும், சுற்றி இருப்பவைதான் தளரும், வளையும், உடையும். அதனால் மோட்டாருக்குச் செலவழிக்கும் முன் ஃபிரேமையும் பிரேக்கையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

2. வாட், வோல்ட், ஆம்பியர்னு ஏகப்பட்ட நம்பர் போட்டிருக்காங்க. எதைப் பார்த்து வாங்கறது?

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரே மோட்டாரை ஒருவர் 1500 என்பார், இன்னொருவர் 3000 என்பார். பேட்டரி வோல்ட்டை, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரின் ஆம்பியரால் பெருக்குங்கள். 72 வோல்ட் பேட்டரியும் 50 ஆம்பியர் கன்ட்ரோலரும் என்றால் 3600 வாட் வரை இழுக்கும். பொதுவாக வோல்ட் கூடினால் உச்ச வேகம் கூடும், ஆம்பியர் கூடினால் இழுவை கூடும்.

அடுத்ததாக, அந்த ஆம்பியரைத் தொடர்ந்து கொடுக்கப் பேட்டரியால் முடியுமா என்று கேளுங்கள். 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள செல்களை 20 சீரீஸ் (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்ட் கூடும்), 6 பேரலல் (பக்கம் பக்கமாக, ஆம்பியர் கூடும்) என்று அடுக்கினால் 120 செல்கள். 72 வோல்ட், 30 ஆம்பியர்-மணி. ஒரு செல்லுக்கு 10 ஆம்பியர்தான் தொடர்ந்து இழுக்கலாம் என்றால் மொத்தம் 60 ஆம்பியர். 50 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு இது சரி, 80 ஆம்பியர் கன்ட்ரோலருக்குச் சரியில்லை. எந்த செல், எத்தனை பேரலல் என்று விற்பவர் சொல்ல மறுத்தால் அந்தப் பேட்டரி வேண்டாம்.

3. இதை ரோட்டுல ஓட்டலாமா? லைசென்ஸ் வேணுமா?

சைக்கிள் என்ற கணக்கில் ஓட்ட முடியாத இடங்களே அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்சக்தி 250 வாட், 25 கி.மீ.யில் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும் என்பது சைக்கிளின் வரம்பு. இந்தியாவிலும் 250 வாட், 25 கி.மீ.க்குள் இருந்தால்தான் மோட்டார் வாகனம் என்ற வகைக்கு வெளியே நிற்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறை 750 வாட்டும் மணிக்கு 20 மைலும். சாலை விதிகளை அங்கே மாநிலங்கள் தனியாக வகுக்கின்றன. இந்த எல்லைகளைத் தாண்டிய வண்டிக்குப் பதிவு, உரிமம், காப்பீடு என்று எல்லாம் கேட்கப்படலாம்.

ஒரு பட்டனை அழுத்தி 250 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளும் வண்டி சட்டத்துக்கு உட்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். திறந்துவிட முடிகிற பூட்டைப் பல நாடுகள் பூட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த பட்டனைப் பற்றித்தான் முதலில் கேட்கும். வாங்கும் முன்பே உங்கள் ஊர் விதியை எழுத்தில் பாருங்கள்.

4. ஹப் மோட்டார் நல்லதா, மிட் டிரைவ் நல்லதா?

ஓட்டும் வழியைப் பொறுத்தது. வீலின் நடுவிலேயே இருப்பது ஹப் மோட்டார், பெடல் அச்சருகே இருந்து செயின் வழியாக இழுப்பது மிட் டிரைவ். சமதளத்தில் வேகமாகப் போக ஹப் மோட்டார் போதும். உள்ளே பல்சக்கரம் இல்லாத வகையில் தேயும் பாகம் குறைவு, செயின் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். செங்குத்தான மேடுகளுக்கு மிட் டிரைவ் நல்லது, கியரைக் குறைத்து மோட்டாரை அதற்கு ஏற்ற சுழற்சியில் வைக்க முடியும்.

மிட் டிரைவில் முதலில் கைவிடுவது செயினும் பின் பல்சக்கரங்களும். கியர் மாற்றும் நொடியில் த்ராட்டிலை (கைப்பிடியில் திருகும் ஆக்சிலரேட்டரை) விட்டுவிடப் பழகாவிட்டால் பல் சிதையும். செயின் அளக்கும் கருவி ஒன்று வைத்துக்கொண்டு, நீட்சி 0.5 சதவீதத்தை எட்டியதும் மாற்றுங்கள். அதற்கு மேல் விட்டால் செயினோடு பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டி வரும்.

5. ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர்னு சொன்னாங்க. எனக்கு 45தான் வருது. பேட்டரி டூப்ளிகேட்டா?

அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. 48 வோல்ட்டை 15 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 720 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 16 வாட்-மணி செலவானால் 45 கி.மீ. வரும். 100 கி.மீ. வர வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 7 வாட்-மணிதான் செலவாக வேண்டும். மெதுவாக, நன்றாக மிதித்துக்கொண்டு போனால் அது நடக்கும். த்ராட்டிலைத் திருகிக்கொண்டு போனால் நடக்காது.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 50 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போனால் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி வரை போகும். அதே பேட்டரி அப்போது 30 கி.மீ.யைத் தொடாது. 50-இலிருந்து 40-க்கு இறங்கிப் பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அப்படியும் தூரம் குறைவாகவே இருந்தால் 16-ஆம் கேள்விக்குப் போங்கள்.

6. தினமும் 100 சதவீதம் சார்ஜ் பண்ணலாமா? 80-ல நிறுத்தணும்னு ஒருத்தர் சொன்னார்.

இரண்டிலும் உண்மை உண்டு. லித்தியம்-அயான் செல்லுக்கு முழு சார்ஜ் என்பது 4.2 வோல்ட். அந்த உச்சத்தில் நெடுநேரம் நிற்பதும், அதோடு சூடும் சேர்வதும் செல்லை வயதாக்கும். அதனால் அன்றாட ஓட்டத்துக்கு 80 முதல் 90 சதவீதம் நல்லது. நீண்ட பயணம் இருந்தால் முழுதாக ஏற்றி, ஏற்றியதும் கிளம்புங்கள்.

ஆனால் ஒருபோதும் 100 தொடாமலே இருப்பதும் தவறு. பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். பலகை, செல் குழுக்களின் வோல்ட்டேஜைச் சமன் செய்யும் வேலையைப் பெரும்பாலும் சார்ஜின் கடைசிக் கட்டத்தில்தான் செய்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றி, சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் கூடவே இருந்து விட்டுவையுங்கள். ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம், பேட்டரி ஆறட்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

7. ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கறேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை. தொடரலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 72 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பேட்டரியில் 2 கிலோவாட்-மணிக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. ஒரு செல் உள்ளுக்குள் பழுதாகி எரிய ஆரம்பித்தால் அந்தச் சூடு பக்கத்து செல்லைப் பற்றவைக்கும், அது அடுத்ததை. முதல் புகைக்கும் அறை முழுவதும் தீ பரவுவதற்கும் இடையில் ஓரிரு நிமிடம்கூட இல்லாமல் போகலாம். தூங்குகிறவருக்கு அந்த நேரம் போதாது. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் உண்டு.

விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். வெளியேறும் வாசலையும் படிக்கட்டையும் அடைத்துக்கொண்டு செய்யாதீர்கள். மெத்தை, துணி, அட்டைப்பெட்டி அருகில் வேண்டாம்; சிமென்ட் அல்லது ஓட்டுத் தரை நல்லது. அதே அறையில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டுங்கள். மின்கடிகாரத்தில் நேரம் குறித்து ஸ்விட்சை அணைக்கிற டைமர் உதவும்தான், ஆனால் பழுதான செல்லை டைமர் தடுக்காது.

8. நண்பரோட சார்ஜர் என் பேட்டரிக்குப் பொருந்துது. ரெண்டுமே 48 வோல்ட்தான். போட்டுக்கலாமா?

பின் பொருந்துவதை நம்பக் கூடாது. 48 வோல்ட் என்று எழுதிய இரண்டு பேட்டரிகள் உள்ளே வேறுவேறாக இருக்கலாம். 13 சீரீஸ் லித்தியம்-அயான் என்றால் முழு சார்ஜ் 54.6 வோல்ட். 16 சீரீஸ் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 58.4 வோல்ட். பின்னதன் சார்ஜரை முன்னதில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.49 வோல்ட்டை நோக்கி ஏறும். அப்போது தீக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது பி.எம்.எஸ். பலகை மட்டும்தான்.

சார்ஜரின் அடியில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு வோல்ட்டேஜைப் படியுங்கள். லித்தியம்-அயானில் 13 சீரீஸுக்கு 54.6, 14 சீரீஸுக்கு 58.8, 20 சீரீஸுக்கு 84. இந்த எண் சரியாகப் பொருந்தாவிட்டால் செருகவே வேண்டாம்.

9. பேட்டரியை மாட்டும்போது டப்புனு தீப்பொறி வருது. ஷார்ட் ஆகுதா?

ஷார்ட் இல்லை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கின்றன, இணைத்த கணத்தில் அவை ஒரே மூச்சில் நிரம்புகின்றன. 72 வோல்ட்டில் அந்தச் சத்தம் ஆளைத் திடுக்கிட வைக்கும். ஒவ்வொரு பொறியும் கனெக்டரின் முனையைச் சிறிது அரிக்கும். அரித்த முனையில் மின்தடை கூடும், ஓடும்போது அந்த இடம் சூடாகும், ஒருநாள் பிளாஸ்டிக் உருகும். உள்ளே ரெசிஸ்டர் வைத்த, பொறி வராத கனெக்டர் கிடைக்கிறது. அதை மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

10. மழையில ஓட்டலாமா? தண்ணி அடிச்சுக் கழுவலாமா?

தூறலில் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில் மோட்டார் அச்சு முழுகும்படி போகாதீர்கள், அழுத்தக் குழாயால் கழுவாதீர்கள். ஹப் மோட்டாருக்குள் தண்ணீர் போகும் வழி பெரும்பாலும் ஒயர் நுழையும் அச்சின் ஓட்டைதான். அந்த ஒயர் மோட்டாருக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

11. மெயின்டனன்ஸ்னு என்ன செய்யணும்? எலெக்ட்ரிக்தானே, சர்வீஸே தேவையில்லைன்னாங்க.

எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் டயர் காற்று, இரண்டு பிரேக், அச்சு நட்டு, பேட்டரிப் பூட்டு ஆகியவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். காற்று குறைந்த டயரோடு 45 கிலோ வண்டி குழியில் இறங்கினால் ரிம் டியூபைக் கவ்விக் கிழித்துவிடும்.

மாதம் ஒருமுறை ஸ்போக்ஸை விரலால் தட்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்தில் இருப்பவை கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. புது வீலில் முதல் 100, 200 கி.மீ.க்குள் ஸ்போக்ஸ் இளகுவது சகஜம். அப்போது முறுக்காமல் விட்டால் ஒன்று உடையும், அதன் சுமை பக்கத்துக் கம்பிக்குப் போய் அதுவும் உடையும். அப்படியே ஓர் ஓட்டம் ஓடி வந்ததும் கனெக்டர்களைத் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று சூடாக இருந்தால் அங்கே பிடிப்பு சரியில்லை. நான் கண்டுபிடித்த பழுதுகளில் பாதி கைவிரல் சொன்னவை.

12. டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புத் துண்டு தராங்களே, அது கண்டிப்பா வேணுமா?

ஹப் மோட்டாரில் 1000 வாட்டுக்கு மேல் என்றால் கண்டிப்பாக வேண்டும். மோட்டார் வீலை முன்னால் சுற்றும்போது அதே விசையோடு அச்சு பின்னால் சுழலப் பார்க்கிறது. டார்க் ஆர்ம் இல்லாவிட்டால் அதைத் தடுப்பது அச்சில் சீவியிருக்கும் இரண்டு தட்டைப் பக்கங்களும், ஃபிரேமில் அவை உட்காரும் டிராப்-அவுட் என்ற பிளவும்தான். டார்க் ஆர்ம் அச்சைக் கவ்வி ஃபிரேமோடு சேர்த்துப் பிடிக்கிறது. தட்டைகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர். முறுக்குவிசை 100 நியூட்டன்-மீட்டர் என்றால் அந்த விளிம்புகளில் விழுவது ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமமான விசை. அலுமினிய டிராப்-அவுட் அதற்கு விரியும். விரிந்ததும் அச்சு உருண்டு, ஒயரை முறுக்கி அறுத்து, வீல் கழன்று வந்துவிடும்.

என் முதல் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் டார்க் ஆர்ம் போட்டிருந்தேன். ஒருநாள் காலை, நட்டின் மேல் நான் பெயின்ட்டால் இழுத்திருந்த கோடு சற்றே விலகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் பிளவின் ஓரம் நசுங்கியிருந்தது. அந்தக் கோடு இல்லாவிட்டால் ரோட்டில்தான் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் போடுகிறேன், நட்டுக்கும் ஃபிரேமுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுக்கிறேன். அதிக சக்தி மோட்டாரை முன் வீலில், அதுவும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் மாட்டவே மாட்டாதீர்கள். முன் வீல் கழன்றால் சுதாரிக்க நேரம் இருக்காது.

13. டிஸ்க் பிரேக் இருக்கு, போதாதா? வேகமா போகும்போது நிக்கவே மாட்டேங்குதே.

கணக்கைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அந்த நொடியில் 50 கி.மீ. வேகத்தில் 14 மீட்டர் ஓடியிருக்கும். பிறகு நல்ல பிரேக்கோடு, உலர்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 16 மீட்டர். மொத்தம் 30. இதே 25 கி.மீ.யில் 11 மீட்டர்தான். ரோட்டில் எதிர்ப்படுபவர் உங்களைச் சைக்கிள் என்றே நினைத்து, சைக்கிளின் வேகத்தைக் கணக்குப் போட்டு குறுக்கே வருவார். அந்த 19 மீட்டர் வித்தியாசம் அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒயர் இழுக்கும் சிறு டிஸ்க் இந்த வண்டிக்குப் போதாது. ஹைட்ராலிக், நான்கு பிஸ்டன், 203 மில்லிமீட்டர் டிஸ்க் என்று பாருங்கள். பேடில் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். புதுப் பேட் போட்டதும் 25 கி.மீ. வேகத்திலிருந்து வீல் பூட்டாமல் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைப்பதை இருபது முறை செய்யுங்கள். பேட் டிஸ்க்கில் படிந்து பிடிக்கும். சில பிரேக்குக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் உப்பிப் பிரேக்கே போய்விடும்.

அழுத்தமாக நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது, அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதற்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் சறுக்குகிறார்கள். ஆளில்லாத திறந்த இடத்தில் பழகுங்கள்: முதலில் மென்மையாக, பிறகு அழுத்தத்தைக் கூட்டி. லீவரைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

14. சைக்கிள் ஹெல்மெட் போட்டா போதுமா?

வேகத்துக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும். சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1078. அதில் தட்டைப் பரப்பின் மேல் மோதவிடும் வேகம் மணிக்கு சுமார் 19.5 கி.மீ. வேகமான மின்சைக்கிளுக்கென நெதர்லாந்து கொண்டுவந்த என்.டி.ஏ. 8776 அதைச் சுமார் 23 கி.மீ.க்கு உயர்த்தி, தலையில் மூடும் பரப்பையும் கூட்டியது. 45 கி.மீ.க்கு மேல் வழக்கமாக ஓட்டுபவர் தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்டுக்குப் போவதே சரி என்பது என் கருத்து. கையுறையும் போடுங்கள், விழும்போது எல்லோரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான்.

15. மேடு ஏறும்போது மோட்டார் கொதிக்குது. எரிஞ்சுடுமா?

எரியலாம். ஹப் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது கன்ட்ரோலர் உச்ச மின்னோட்டத்தைத் தள்ளும், ஆனால் அதில் கொஞ்சமே இயக்கமாக மாறும், மீதி சூடாகும். கம்பிச்சுருளில் மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. அதனால் நடக்கிற வேகத்தில் செங்குத்தாக ஏறுவதுதான் மோட்டாருக்கு மிகக் கடினமான வேலை, தட்டையில் பறப்பது இல்லை. மேட்டுக்கு முன்பே வேகம் எடுங்கள், கூடவே மிதியுங்கள், வேகம் ஊர்தலுக்கு இறங்கினால் நின்று ஆறவிடுங்கள்.

மோட்டாரின் மேல் கையை மூன்று நொடி வைக்க முடியவில்லை என்றால் உள்ளே அதைவிட மிக அதிகச் சூடு. மிஞ்சினால் காந்தங்கள் நிரந்தரமாக வலுவிழக்கும், கம்பியின் வார்னிஷ் கருகும், மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் போகும். வெப்ப சென்சார் வைத்த மோட்டாரும், அதைப் படித்துத் தானே சக்தியைக் குறைக்கும் கன்ட்ரோலரும் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

16. பாதி சார்ஜ் காட்டுது, ஆனா த்ராட்டிலைத் திருகினா பட்டுனு அணைஞ்சுடுது. ஏன்?

பெரும்பாலும் ஒரு செல் குழு பலவீனமாகிவிட்டது. சீரீஸில் இருக்கும் 13 அல்லது 20 குழுக்களில் எது ஒன்று அடிமட்ட வோல்ட்டேஜைத் தொட்டாலும் பி.எம்.எஸ். மொத்தத்தையும் துண்டிக்கும். மற்ற குழுக்களில் பாதி மீதம் இருந்தும் பயனில்லை. முதலில் 6-ஆம் பதிலில் சொன்னபடி முழுதாக ஏற்றி, சமன் ஆக நேரம் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேட்டரி வேலை தெரிந்தவரிடம் குழுக்களைத் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் ஒரு குழு 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் பழுது அங்கேதான்.

துண்டிக்கிறதே என்று பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேராக ஒயர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது துண்டித்ததால்தான் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் இருக்கிறீர்கள்.

17. ரீஜென் பிரேக்கிங் ஆன் பண்ணினா ரேஞ்ச் ஏறுமா?

ரீஜென் என்றால், வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது. அதனால் ரேஞ்ச் கொஞ்சம் ஏறும்; பெரும்பாலான பாதைகளில் நூற்றுக்கு ஐந்து, பத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அதைவிட நல்ல பயன், பிரேக் பேட் நீடிப்பது. இரண்டு இடங்களில் கவனம். ரீஜென் அச்சை எதிர்ப்பக்கமும் முறுக்குகிறது. முன்னும் பின்னும் ஆடி ஆடி நட்டு தளரும், ஆகவே 12-ஆம் பதில் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. பேட்டரி நிரம்பிய நிலையில் நீண்ட இறக்கத்தில் இறங்கினால், வரும் மின்சாரத்துக்கு இடமில்லாமல் பி.எம்.எஸ். துண்டிக்கலாம். அந்த நொடியில் ரீஜென் பிடிப்பு கையை விட்டுப் போகும், விளக்கும் அணையலாம். மலை மேல் குடியிருப்பவர் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது நல்லது.

18. ஆறு மாசமா ஓட்டலை. இப்ப சார்ஜே ஏற மாட்டேங்குது. நேரடியா செல்லுல கரன்ட் குடுத்து எழுப்பலாமா?

கூடாது. 2.5 வோல்ட்டுக்கு வெகு கீழே இறங்கி வெகுநாள் கிடந்த செல்லில் உள்ளிருக்கும் தாமிரம் கரைந்து, பிறகு சார்ஜ் செய்யும்போது வேண்டாத இடத்தில் படியலாம். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஷார்ட் காத்திருக்கும். 7-ஆம் பதிலில் சொன்ன தீக்கு இது நேர்வழி. ஓட்டாமல் வைப்பதானால் 40 முதல் 60 சதவீதத்தில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில், வண்டியிலிருந்து கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை வோல்ட்டேஜைப் பாருங்கள்.

19. பேட்டரி கீழே விழுந்துடுச்சு. வெளியில ஒரு கீறல்தான். புகை வந்தா என்ன பண்றது?

விழுந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். திறந்த வெளியில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாமல் ஒரு நாளாவது வைத்து, அதன் பிறகும் சோதிக்காமல் சார்ஜ் போடாதீர்கள். உப்பல், இனிப்பு கலந்த கரைப்பான் வாடை, சார்ஜ் போடாமலே சூடு, சீறும் சத்தம் ஆகியவை முடிவான அறிகுறிகள். அவற்றில் ஒன்று வந்தாலும் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள், குப்பைத்தொட்டியில் வேண்டாம்.

புகை வந்துவிட்டால் ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள். கையடக்கத் தீயணைப்பான் சுடரை அடக்கலாம், உள்ளே நடக்கும் வேதிவினையை நிறுத்தாது. அதைக் குளிர்விப்பது ஏராளமான தண்ணீர். அணைந்த பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றும். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓட முயலாதீர்கள்.

20. கன்ட்ரோலர்ல செட்டிங் மாத்தி ஆம்பியரை ஏத்தினா இன்னும் இழுக்குமாமே?

இழுக்கும், கொஞ்ச நாளைக்கு. 30 ஆம்பியரை 45 ஆக்கினால் ஒயரிலும் கனெக்டரிலும் பிறக்கும் சூடு இரண்டேகால் மடங்கு. 2-ஆம் பதிலில் போட்ட செல் கணக்கை மறுபடி போடுங்கள், பிறகு பி.எம்.எஸ்., ஒயரின் தடிமன், டார்க் ஆர்ம், பிரேக் என்று வரிசையாகக் கேளுங்கள். ஒன்று தாங்காவிட்டாலும் அந்த 45 உங்களுக்கு இல்லை. எதிர்த்திசையில் போய்ப் பாருங்கள் என்பேன்: த்ராட்டிலின் முதல் திருகில் சக்தி மெல்ல ஏறும்படி செட்டிங்கை மாற்றுங்கள். ஈரமான ரோட்டிலும் திருப்பத்திலும் வண்டி எவ்வளவு அடங்கி நிற்கிறது என்பது அன்றே தெரியும்.

21. விமானத்துல பேட்டரியைக் கொண்டுபோகலாமா?

முடியாது. பயணிகள் கையில் எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிக்குப் பொதுவான வரம்பு 100 வாட்-மணி, விமான நிறுவனத்தின் அனுமதியோடு 160. இந்த வண்டிகளின் பேட்டரி அதைப் போலப் பல மடங்கு.

22. ஃப்ரெண்டு ஒரு ரவுண்டு கேக்கறான். குடுக்கலாமா?

மிகக் குறைந்த சக்தி நிலைக்கு மாற்றிவிட்டு, ஹெல்மெட்டோடு, ஆளில்லாத இடத்தில் கொடுங்கள். புதியவர்கள் விழுவது வேகத்தில் இல்லை; ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வண்டியைத் தாங்க ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறார்கள், அந்தப் பிடியில் த்ராட்டில் திரும்புகிறது, வண்டி பாய்கிறது, பயத்தில் பிடி இன்னும் இறுகுகிறது. இதை நான் மூன்று முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எதிரே ஒரு குழந்தை நின்றது, தந்தை அதைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

நீங்களும் இறங்கும் முன் சாவியையோ பட்டனையோ அணைத்துவிடப் பழகுங்கள். தள்ளிக்கொண்டு போகும்போதும், வீல் கழற்றும்போதும், யாரோடாவது நின்று பேசும்போதும் அணைந்தே இருக்கட்டும். நண்பர் வண்டியில் உட்கார்ந்து, ஒரு கால் ஊன்றி, பிரேக்கைப் பிடித்த பிறகு நீங்களே ஆன் செய்து கொடுங்கள்.